சீட்டு குலுக்கிப் பிரிச்ச எட்டு டீம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஐபிஎல் ஏலம் பத்தின பதில்ல போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தேன், அமெரிக்கன் ஃபுட்பால்ல வீரர்களை ஏலம் விடறதில்ல, டிராஃப்ட் வச்சுத்தான் எடுப்பாங்கன்னு. அந்த ஒரு வரிக்கு இத்தனை கேள்வி வரும்னு சத்தியமா எதிர்பார்க்கல. எனக்கு ரொம்பப் பிடிச்ச சப்ஜெக்ட், அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன், மத்த கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல கண்டிப்பா வரும்.

ஃபுட்பால்னா நம்ம கால்பந்துதானே? மெஸ்ஸி ஆடறது? (கரூர் வாசகர்)

இல்லங்க. இது வேற ஆட்டம், ரெண்டு முனையும் கூம்பிப்போன பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஓடுவாங்க, வீசுவாங்க, ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டித் தள்ளுவாங்க. பந்தை வாங்கி யாருக்கு வீசணும்னு முடிவு பண்றவருக்கு குவார்ட்டர்பேக்னு பேரு. கீழ அந்த வார்த்தை அடிக்கடி வரும், இவ்வளவு தெரிஞ்சா போதும்.

டிராஃப்டுக்கும் ஏலத்துக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுலயும் டீம்காரங்கதானே ஆள் எடுக்கறாங்க? (ஈரோடு வாசகி)

தெருவுல கிரிக்கெட் ஆடினவங்களுக்கு டிராஃப்ட் ஏற்கனவே தெரியும். ரெண்டு கேப்டன் எதிரெதிரா நிப்பாங்க, மாத்தி மாத்தி ஒவ்வொரு பேரா கூப்பிடுவாங்க, நல்லா ஆடறவன் முதல்ல போயிடுவான், கடைசியா மிஞ்சற பொடியனை உப்புக்குச் சப்பாணின்னு ரெண்டு பக்கமும் சேர்த்துக்குவாங்க. அதேதான். காசு யார் அதிகம் வச்சிருக்காங்கங்கறது அங்க கணக்கே இல்ல, யாரோட முறை வருதுங்கறதுதான் கணக்கு.

என்எஃப்எல்ங்கற பெரிய லீக் இதை ஆரம்பிச்சது 1936 பிப்ரவரியில, ஃபிலடெல்ஃபியாவுல ஒரு ஹோட்டல் ரூம்ல. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் முதலாளி பெர்ட் பெல் கொண்டுவந்த யோசனை. போன சீசன்ல கடைசியில வந்த டீமுக்கு முதல் சான்ஸ், ஜெயிச்ச டீமுக்குக் கடைசி சான்ஸ், அப்பத்தான் பணக்கார டீமே எல்லா நல்ல ஆளையும் அள்ளிட்டுப் போகாதுன்னு. கரும்பலகையில 90 பேர் எழுதி வச்சு, 9 டீமும் ஆளுக்கு 9 பேர்னு 81 பேரை எடுத்தாங்க. முதல் பேரு ஜே பெர்வாங்கர். அவரு கடைசி வரைக்கும் என்எஃப்எல்ல ஒரு மேட்ச்கூட ஆடல, வேற வேலை பார்க்கப் போயிட்டாரு, சம்பளம் அப்படி இருந்துச்சு அந்தக் காலத்துல.

டீம்களுக்கு இது நியாயம், ஆனா ஆடற பையனுக்கு? ரேஷன் கார்டு மாதிரி நினைச்சுப் பாருங்க. உங்க கார்டு எந்தக் கடையில பதிஞ்சிருக்கோ அங்கதான் வாங்கணும், அரிசி நல்லா இல்லன்னு அடுத்த தெருக் கடைக்குப் போக முடியாது. டிராஃப்ட்ல ஒரு டீம் உங்க பேரைச் சொல்லிட்டா அந்த லீக்ல வேற யாரும் உங்ககிட்ட பேசக்கூடாது, அவங்க சொல்ற சம்பளத்துக்கு ஒத்துக்கணும், இல்லன்னா பெர்வாங்கர் மாதிரி வேற வேலைக்குப் போகணும். ஏலத்துல விலை ஏறும், டிராஃப்ட்ல ஏறாது. அதனாலதான் புதுசா ஒரு லீக் வந்து அது தன்னோட முதல் டிராஃப்டை நடத்தற நாள் எனக்கு ரொம்ப முக்கியமான நாளாத் தெரியுது, அன்னைக்குத்தான் அந்தப் பையனுக்கு ரெண்டாவது கடை திறக்குது.

புது லீக்னா போன வருஷப் புள்ளிப் பட்டியலே இருக்காதே, அப்ப முதல் டிராஃப்ட்ல யாருக்கு முதல் சான்ஸ் குடுப்பாங்க? (தஞ்சாவூர் வாசகர்)

அருமையான கேள்விங்க, இதுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பக்கமே. ஒவ்வொரு லீக்கும் ஒவ்வொரு மாதிரி பண்ணியிருக்காங்க, எனக்குப் பிடிச்சது அமெரிக்கன் ஃபுட்பால் லீக், அதாவது ஏஎஃப்எல், 1959 நவம்பர் 22ஆம் தேதி மினியாபொலிஸ்ல பண்ணினது.

முதல்ல இந்த லீக் எப்படி வந்துச்சுன்னு சொல்லிடறேன். டெக்சாஸ்ல பெரிய எண்ணெய்க் கம்பெனிக் குடும்பத்துப் பையன் லமார் ஹன்ட், வயசு 27தான். என்எஃப்எல்ல அப்ப 12 டீம், அதுல ஒண்ணை வாங்க முயற்சி பண்ணினாரு, குடுக்கல. டல்லாஸுக்குப் புதுசா ஒரு டீம் கேட்டாரு, அதுவும் இல்லன்னாங்க. இதே மாதிரி கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டவங்க இன்னும் சில பேர் இருக்காங்கன்னு தெரிஞ்சதும், நம்மளே ஒரு லீக் ஆரம்பிச்சா என்னன்னு ஹூஸ்டன்ல பட் ஆடம்ஸைப் பார்த்துப் பேசி, அப்புறம் டென்வர், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், மினியாபொலிஸ், பஃபலோ, பாஸ்டன்னு எட்டு ஊர் சேர்ந்துச்சு. விஷயம் வெளிய வந்ததும் அதுவரைக்கும் முடியாது முடியாதுன்னு சொன்ன என்எஃப்எல் திடீர்னு டல்லாஸ், ஹூஸ்டனுக்கு டீம் தர்றோம்னு வந்து நின்னாங்க. ஹன்ட் போகல. கூட வந்தவங்களை நடுவுல விட்டுட்டுப் போக மாட்டேன்னு நின்னாரு பாருங்க, அந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த மனுஷன் மேல எனக்குப் பெரிய மரியாதை.

இப்ப டிராஃப்டுக்கு வருவோம். எட்டு டீம். மேட்ச் ஆடினது கிடையாது, கோச் இல்லாத டீம் உண்டு, டீமுக்குப் பேர்கூட வைக்காதவங்களும் உண்டு. இவங்க என்ன பண்ணாங்கன்னா, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு பொசிஷனுக்கும் காலேஜ்ல ஆடற பசங்கள்ல சிறந்த எட்டு பேர் யாருன்னு பொதுவா ஒரு லிஸ்ட் போட்டாங்க. எட்டு குவார்ட்டர்பேக், எட்டு சென்டர், இப்படியே. அந்த எட்டு பேரையும் சீட்டுல எழுதி ஒரு பெட்டியில போட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒண்ணா எடுத்தாங்க. கைக்கு யார் பேர் வருதோ அவன் உன் டீமுக்கு. அடுத்த பொசிஷன், அடுத்த எட்டு சீட்டு, மறுபடி குலுக்கல். நம்ம ஊர்ல சீட்டுக் கட்டறவங்களுக்கு இது சட்டுனு புரியும், ஐபிஎல் ஏலச்சீட்டுன்னா இது குலுக்கல் சீட்டு.

ஏன் இப்படிப் பண்ணாங்கன்னா, எட்டுப் பேர்ல சில பேருக்கு ஃபுட்பால் நல்லாத் தெரியும், சில பேருக்குப் பணம் மட்டும்தான் இருந்துச்சு. முறை வச்சு எடுத்தா தெரிஞ்சவன் நல்லதையெல்லாம் எடுத்துடுவான், தெரியாதவன் டீம் முதல் வருஷமே உதை வாங்கி மூடிட்டுப் போயிடும், எட்டுல ரெண்டு மூடினா மீதி ஆறும் நிக்காது. அதனால அறிவைப் பொதுவுல வச்சுட்டு அதிர்ஷ்டத்தை மட்டும் தனித்தனியா பிரிச்சுக்கிட்டாங்க. எவ்வளவு யோசிச்சிருக்காங்க பாருங்க. அதனாலேயே அந்த டிராஃப்ட்ல முதல் ஆள்னு யாரும் கிடையாது. மொத்தம் 33 ரவுண்டு போச்சு, அப்புறம் டிசம்பர் 2ஆம் தேதி இன்னொரு 20 ரவுண்டு, ஆகமொத்தம் 424 பேர்.

அந்த டிராஃப்டுக்கு முந்தின நாள் ராத்திரி ஏதோ பெரிய பிரச்சனை ஆச்சுன்னு எங்கயோ படிச்சேன், உண்மையா? (கோயம்புத்தூர் வாசகர்)

உண்மைதான். முதலாளிங்க எல்லாரும் மினியாபொலிஸ் வந்து இறங்கி ராத்திரி சாப்பாட்டுக்குக் கூடியிருக்காங்க. மினியாபொலிஸ் டீமோட பங்குதாரர் மேக்ஸ் வின்ட்டர், அவரோட ஊரு, அவர்தான் வீட்டுக்காரர் மாதிரி. அப்ப நியூயார்க் டீம் முதலாளி ஹாரி விஸ்மர் கையில ஒரு பேப்பரோட உள்ள வர்றாரு, மறுநாள் பேப்பரோட முதல் பிரதி. அதுல பெரிய எழுத்துல போட்டிருக்கு, மினசோட்டாவுக்கு, அதாவது மினியாபொலிஸ் இருக்கற மாநிலத்துக்கு, என்எஃப்எல் டீம் வரப்போகுதுன்னு. அதாவது இவங்களைத் தன் ஊருக்குக் கூப்பிட்டு உட்கார வச்சுட்டு, அந்தப் பக்கம் எதிராளியோட பேச்சு முடிஞ்சு போயிருக்கு. கல்யாணத்துக்கு முந்தின நாள் சத்திரத்துல எல்லாரும் பந்தியில உட்கார்ந்திருக்கறப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேற இடத்துல நிச்சயம் பண்ணிட்டாங்கன்னு சேதி வந்தா எப்படி இருக்கும், அப்படி ஆயிருக்கு அந்த மேஜை. சண்டை, சத்தம், விஸ்மர் நேருக்கு நேரா வின்ட்டரைப் பார்த்துத் துரோகம்னு கத்தியிருக்காரு.

ஆனா பாருங்க, மறுநாள் டிராஃப்ட் நின்னு போகல. மினியாபொலிஸ் பேர்லயும் சீட்டு எடுத்தாங்க. 1960 ஜனவரியில அந்த டீம் முறைப்படி விலகி என்எஃப்எல்லுக்குப் போயிடுச்சு, அதுதான் 1961ல களத்துல இறங்கின மினசோட்டா வைக்கிங்ஸ். காலியான இடத்துக்கு ஓக்லண்ட் வந்துச்சு, மினியாபொலிஸ் பேர்ல குலுக்கி எடுத்த லிஸ்ட்தான் அவங்க கைக்குக் கிடைச்சது. அதுல பல பேர் அதுக்குள்ள வேற எங்கயோ கையெழுத்துப் போட்டுட்டாங்க, பாவம்.

டிராஃப்ட்ல பேர் வந்துட்டா அந்த டீம்ல ஆடியே ஆகணுமா? (திண்டுக்கல் வாசகர்)

ஆகணும்னு இல்ல. அதுதான் இந்தக் கதையோட உயிர்.

ஏஎஃப்எல் குலுக்கல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டீமுக்கும் ஒரே ஒரு ஆளைப் பேசி ஒதுக்கினாங்க, அந்தந்த ஊர்ப்பக்கம் பேர் தெரிஞ்ச பையனா இருந்தா டிக்கெட் விக்கும்னு. மொத்தம் எட்டுப் பேரு. டல்லாஸுக்கு டான் மெரிடித், ஹூஸ்டனுக்கு பில்லி கேனன், பாஸ்டனுக்கு கெர்ஹார்ட் ஷ்வெட்ஸ், பஃபலோவுக்கு ரிச்சி லூகாஸ், டென்வருக்கு ரோஜர் லெக்ளெர்க், லாஸ் ஏஞ்சலஸுக்கு மான்ட்டி ஸ்டிக்கிள்ஸ், மினியாபொலிஸுக்கு டேல் ஹேக்பார்ட், நியூயார்க்குக்கு ஜார்ஜ் ஐஸோ. இந்த எட்டுல கடைசியில ஏஎஃப்எல்லுக்கு வந்தது மூணே பேரு, கேனன், லூகாஸ், ஷ்வெட்ஸ். மத்த அஞ்சு பேரும் என்எஃப்எல் பக்கம் போயிட்டாங்க. மெரிடித்தை அதே டல்லாஸ்ல புதுசா வந்த கவ்பாய்ஸ் தூக்கிட்டுப் போச்சு, ஒரே ஊர்ல ரெண்டு டீம், ஹன்ட்டுக்கு அது எவ்வளவு வலிச்சிருக்கும்.

இதைத் தோல்வின்னு நிறைய பேர் எழுதுவாங்க, நான் அப்படிப் பார்க்கல. அந்த அஞ்சு பேருக்கும் ஒரு வருஷம் முன்னாடி காலேஜ் முடிச்ச சீனியர்களுக்கு இல்லாத ஒண்ணு கிடைச்சது, ரெண்டு பக்கமும் என்ன தர்றீங்கன்னு கேட்கற உரிமை.

பில்லி கேனன் யாரு? ரெண்டு டீம்லயும் கையெழுத்துப் போட்டாராமே, அது ஏமாத்து வேலை இல்லையா? (மதுரை வாசகி)

ரெண்டு டீம்லயும் போட்டது நிஜம். ஏமாத்து வேலையான்னு முழுசாக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி பையன், எல்எஸ்யூன்னு சொல்வாங்க. 1959 அக்டோபர் 31 ராத்திரி மிசிசிப்பி டீமோட மேட்ச், எல்எஸ்யூ 3-0ன்னு பின்தங்கியிருக்கு, கடைசிக் கால் பகுதி. எதிரணி உதைச்ச பந்து ஒரு குதி குதிச்சு வருது, இவர் பிடிச்சு 89 கெஜம் ஓடறாரு, வரிசையா வந்து மேல விழறாங்க, ஒவ்வொருத்தரா உதறிட்டுக் கோடு தாண்டிட்டாரு. 7-3, ஜெயிச்சாச்சு. அந்த வருஷம் நாட்டோட சிறந்த காலேஜ் வீரருக்கான ஹைஸ்மன் விருதும் அவருக்குத்தான்.

நவம்பர் 22 ஏஎஃப்எல் டிராஃப்ட்ல ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அவரை எடுத்தாச்சு. எட்டே நாள்ல, நவம்பர் 30, ஃபிலடெல்ஃபியாவுல என்எஃப்எல் டிராஃப்ட், அதுல முதல் ஆளா லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அவரையே எடுத்தாங்க. ராம்ஸ் மேனேஜர் பீட் ரோஸெல் அன்னைக்கே அவரைப் பார்த்துக் கையெழுத்தும் வாங்கிட்டாரு, ரகசியமா. ஏன் ரகசியம்னா, கேனனுக்குக் காலேஜ்ல இன்னும் ஒரு மேட்ச் பாக்கி, புத்தாண்டு அன்னைக்கு சுகர் பவுல். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டது வெளிய தெரிஞ்சா அதுல ஆட விட மாட்டாங்க.

விஷயத்தை மோப்பம் பிடிச்ச ஹூஸ்டன் முதலாளி பட் ஆடம்ஸ் விடல. மூணு வருஷத்துக்கு 1 லட்சம் டாலர் தர்றேன்னாரு, ராம்ஸ் சொன்னதை விட ரெட்டிப்பு. கேனன் ராம்ஸ் குடுத்த செக்கை பேங்க்ல போடாம அப்படியே திருப்பி அனுப்பிட்டாரு.

1960 ஜனவரி 1, நியூ ஆர்லியன்ஸ், டுலேன் ஸ்டேடியம். எதிர்ல மறுபடியும் அதே மிசிசிப்பி. இந்தத் தடவை எல்எஸ்யூ 21-0ன்னு தோத்துடுச்சு. ஆட்டம் முடிஞ்சு கூட்டம் இன்னும் கலையல, தோத்த டீமோட பையன், மேட்ச் ஆடின டிரெஸ்ஸோட நேரா கோல் போஸ்ட்டுக்குக் கீழ போறாரு, அங்க ஆயிலர்ஸ் ஆளு பேப்பரோட காத்துக்கிட்டு நிக்கறாரு, டிவி கேமரா பார்த்துக்கிட்டிருக்கு, அங்கயே கையெழுத்து. ஒருத்தர் ஹோட்டல் ரூம்ல ரகசியமா வாங்கின கையெழுத்துக்கு இது ஊர் அறியப் போட்ட பதில்.

ராம்ஸ் கேஸ் போட்டாங்க. 1960 ஜூன்ல நீதிபதி ஆயிலர்ஸ் பக்கம் தீர்ப்பு சொன்னாரு. நாட்டுப்புறத்துப் பையன், விவரம் பத்தாது, பக்கத்துல வக்கீலோ பெரியவங்களோ இல்லாம அனுபவசாலிகிட்ட மாட்டியிருக்கான்ங்கறதுதான் தீர்ப்போட சாரம். ரோஸெல் அதுக்குள்ள 33 வயசுலயே மொத்த என்எஃப்எல்லுக்கும் கமிஷனர் ஆயிட்டாரு, அவரோட கெட்டிக்காரத்தனத்துல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா 22 வயசுப் பையன்கிட்ட ரகசியமா கையெழுத்து வாங்கறதை நியாயம்னு என்னால சொல்ல முடியல. உங்க கேள்விக்கு வர்றேன், கேனனும் வாக்கு மாறினாருதான், ஆனா அந்த வாக்கை வாங்கின விதம் சரியில்லங்கறது என் முடிவு.

அவரு வந்ததுதான் புது லீக்குக்கு முதல் பெரிய வெற்றி. 1961 ஜனவரி 1ஆம் தேதி, கையெழுத்துப் போட்டு சரியா ஒரு வருஷம், ஏஎஃப்எல்லோட முதல் ஃபைனல், ஹூஸ்டன் 24-16ன்னு ஜெயிச்சது, அதுல கேனன் பந்தைப் பிடிச்சு 88 கெஜத்துக்கு ஒரு டச்டவுன், அதாவது பந்தோட எதிரணிக் கோட்டைத் தாண்டறது. பிற்காலத்துல பல் டாக்டர் ஆனாரு, 1983ல கள்ள நோட்டுக் கேஸ்ல மாட்டி ஜெயிலுக்குப் போனாரு, வெளிய வந்து லூசியானாவுல அங்கோலா சிறையில கைதிகளுக்கே பல் வைத்தியம் பார்த்தாரு. 2018ல இறந்துட்டாரு. எவ்வளவு ஏற்ற இறக்கம் ஒரு மனுஷனுக்கு.

பெரிய லீக்ல எடுக்காதவங்கதானே புது லீக்குக்கு வருவாங்க? அப்ப ஆட்டத்தோட தரம் குறையாதா? (சென்னை வாசகர்)

அப்படித்தான் அன்னைக்கும் கேலி பண்ணாங்க. ஜார்ஜ் பிளாண்டான்னு ஒரு குவார்ட்டர்பேக், சிகாகோ பியர்ஸ்ல பத்து வருஷம் இருந்து போதும்னு ஒதுங்கினவரு, ஹூஸ்டனுக்கு வந்து முதல் ரெண்டு வருஷமும் கோப்பை வாங்கிக் குடுத்தாரு. மேல சொன்ன 88 கெஜம் அவர் வீசின பந்துதான். அப்னர் ஹெய்ன்ஸ், டெக்சாஸ்ல வெள்ளைக்காரப் பசங்க மட்டுமே ஆடிக்கிட்டிருந்த காலேஜ் ஃபுட்பால்ல முதல்ல கால் வச்ச கறுப்பினப் பசங்கள்ல ஒருத்தரு, என்எஃப்எல்ல பிட்ஸ்பர்க் எடுத்திருந்தும் ஹன்ட்டோட டல்லாஸ் டெக்சன்ஸுக்கு வந்தாரு, முதல் வருஷமே லீக்கோட சிறந்த வீரர்.

எனக்கு இதுல ரொம்ப நெருக்கமான ஆளு ஜிம் ஓட்டோ. சென்டர், அதாவது பந்தைக் காலுக்கு நடுவுல பின்னாடி குடுத்துட்டு எதிராளியை முட்டி நிறுத்தற வேலை. உடம்பு பத்தாதுன்னு என்எஃப்எல்ல ஒருத்தரும் சீண்டல. அந்த மினியாபொலிஸ் லிஸ்ட்ல இருந்த பேரு அவரு, விட்டுட்டு ஓடின டீமோட லிஸ்ட், அது வழியா ஓக்லண்ட் வந்து சேர்ந்தாரு. 1960லேர்ந்து 1974 வரைக்கும் 15 சீசன், 210 மேட்ச், ஒண்ணுகூட விடாம. சட்டை நம்பர் 00. அந்தப் பெட்டிக் குலுக்கல் மட்டும் இல்லன்னா அப்படி ஒரு ஆளு இருந்ததே யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

இன்னொண்ணு, கறுப்பின மாணவர்கள் படிச்ச சின்ன காலேஜ்களை என்எஃப்எல் அப்ப சரியாத் திரும்பிப் பார்க்கல, ஏஎஃப்எல் தேடிப் போச்சு. 1963 ஏஎஃப்எல் டிராஃப்ட்ல முதல் ஆளு கிராம்ப்ளிங் காலேஜ் பக் புக்கானன். ஆள் வேணுங்கற தேவை ஒரு கதவைத் திறந்துச்சுன்னே வச்சுக்குங்க, திறந்தது திறந்ததுதானே.

இதுக்கு அப்புறம் வந்த லீக்குகளும் இப்படித்தான் குலுக்கினாங்களா? (சேலம் வாசகர்)

இல்ல. 1983ல யுஎஸ்எஃப்எல்னு ஒண்ணு வந்துச்சு, 12 டீம், வசந்த காலத்துல ஆடற லீக். ஜனவரி 4 நியூயார்க்ல முதல் டிராஃப்ட். ஒவ்வொரு டீமுக்கும் பக்கத்துக் காலேஜ்கள்னு சிலதை முன்னாடியே ஒதுக்கிட்டாங்க, அந்தக் காலேஜ் பசங்க அந்த டீமுக்கு, மீதிப் பேருக்குத்தான் பொது டிராஃப்ட். முதல் ஆளா லாஸ் ஏஞ்சலஸ் எக்ஸ்பிரஸ் சொன்ன பேரு டான் மரீனோ. அவர் போகல, என்எஃப்எல்ல 27ஆவது ஆளா மயாமி டால்ஃபின்ஸுக்குப் போயி சரித்திரம் படைச்சாரு. அந்த லீக்குக்கு அந்த வருஷம் கிடைச்ச பெரிய பேரு ஹெர்ஷல் வாக்கர், அவரோ டிராஃப்ட்லயே வரல, காலேஜ் முடிக்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே நேரா நியூஜெர்சி ஜெனரல்ஸ்ல கையெழுத்துப் போட்டுட்டாரு. கடைசியில என்எஃப்எல் மேல ஏகபோகம்னு கேஸ் போட்டு 1986ல ஜெயிச்சாங்க, நஷ்டஈடு 1 டாலர், சட்டப்படி மூணு மடங்காக்கி 3 டாலர். லீக் அதோட முடிஞ்சுது. அதுல ஆடின நூத்துக்கணக்கான பசங்களை நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

2019 அக்டோபர் 15, 16ல எக்ஸ்எஃப்எல் நடத்தினது வேற மாதிரி. எட்டு டீமுக்கும் ஒரு குவார்ட்டர்பேக்கை லீக்கே முன்னாடி குடுத்துடுச்சு, அப்புறம் பொசிஷன் பொசிஷனா நாலு கட்டம், அஞ்சாவது கட்டம் யாரை வேணும்னாலும் எடுக்கலாம். 1959 பெட்டியோட பேரப்பிள்ளைன்னு சொல்லலாம் அதை. 2020 பிப்ரவரி 8ல ஆரம்பிச்சு அஞ்சு வாரம் ஆடினாங்க, கொரோனா வந்து நிறுத்திடுச்சு. ஹூஸ்டன் குவார்ட்டர்பேக்கா இருந்த பி.ஜே. வாக்கர் அஞ்சே மேட்ச் ஆடி, அதை வச்சே என்எஃப்எல்ல கரோலினா பேந்தர்ஸுக்குப் போனாரு.

ஐபிஎல்ல எப்பவுமே ஏலம்தானா, டிராஃப்ட் நடந்ததே இல்லையா? (புதுச்சேரி வாசகி)

நடந்திருக்கு! 2008ல பெரிய ஏலம் முடிஞ்சப்புறம், 19 வயசுக்கு உட்பட்ட பசங்களுக்கு மட்டும் தனியா டிராஃப்ட் வச்சாங்க. டெல்லிக்கு முதல் சான்ஸ், அவங்ககிட்ட ஏற்கனவே சேவாக், கம்பீர்னு பேட்ஸ்மேன் இருந்ததால பவுலர் பிரதீப் சங்வானை எடுத்தாங்க. டெல்லிப் பையன் விராட் கோலி பெங்களூருக்குப் போனாரு, சம்பளம் 12 லட்சம் ரூபாய். அதுக்கு மேல நான் சொல்லணுமா என்ன.

நம்ம ஊர்ல அமெரிக்கன் ஃபுட்பால் லீக் இருந்ததா? (யாழ்ப்பாணம் வாசகர்)

2012ல எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியான்னு ஒண்ணு நடந்துச்சு. அதுல சென்னை ஸ்வார்ம்னு ஒரு டீம், உங்க பக்கத்துக்கு கொழும்பு லயன்ஸ். நிலைக்கல.

என் பையன் மாவட்ட டீம் செலெக்‌ஷன்ல பேர் வரலன்னு ரெண்டு நாளா சரியாவே சாப்பிடல. இந்த டிராஃப்ட் கதையெல்லாம் எழுதறீங்களே, எடுக்காம விட்டவங்க கதை ஏதாவது இருந்தா சொல்லுங்க, அவனுக்குப் படிச்சுக் காட்டறேன். (நாமக்கல்லில் இருந்து ஒரு அம்மா)

இருக்குங்கம்மா. சாம் மில்ஸ். உயரம் கம்மின்னு என்எஃப்எல் டிராஃப்ட்ல ஒரு டீமும் எடுக்கல. தானா போய் முயற்சி பண்ணின கிளீவ்லண்ட் டீம் வெளிய அனுப்பிடுச்சு, கனடாவுல ஒரு டீம் அதே மாதிரி. ஸ்கூல்ல வாத்தியார் வேலைக்குப் போயிட்டாரு. அப்பத்தான் நான் மேல சொன்ன யுஎஸ்எஃப்எல் ஆரம்பிச்சாங்க, ஃபிலடெல்ஃபியா ஸ்டார்ஸ் செலெக்‌ஷனுக்குப் போனாரு, எடுத்துக்கிட்டாங்க. அந்த லீக் மூடினதும் என்எஃப்எல்ல நியூ ஆர்லியன்ஸ், அப்புறம் கரோலினா, மொத்தம் 12 சீசன். கரோலினா ஸ்டேடியம் வாசல்ல இன்னைக்கும் அவருக்குச் சிலை இருக்கு. 2022ல சிறந்த வீரர்களைக் கௌரவிக்கற ஹால் ஆஃப் ஃபேம்லயும் சேர்த்தாங்க, அவர் புற்றுநோயில 2005லயே போயிட்டாரு, பார்க்கக் குடுத்து வைக்கல.

பையனைச் சாப்பிடச் சொல்லுங்க. கிளப் லீக் மேட்ச் நிறைய நடக்கும், மாவட்டச் சங்கத்துல கேட்டுப் பாருங்க, அடுத்த செலெக்‌ஷன் எப்பன்னும் அங்கயே சொல்லிடுவாங்க.

1959ல குலுக்கின அந்த எட்டு டீமும் இப்ப இருக்கா? (தூத்துக்குடி வாசகர்)

எட்டும் இருக்கு. 1966ல ரெண்டு லீக்கும் சேர்றதா ஒப்பந்தம் ஆகி 1970ல ஒண்ணாச்சு. பாஸ்டன் இன்னைக்கு நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், நியூயார்க் டைட்டன்ஸ் இப்ப ஜெட்ஸ், ஹூஸ்டன் ஆயிலர்ஸ் டென்னசிக்குப் போய் டைட்டன்ஸ் ஆயிடுச்சு, பஃபலோவும் டென்வரும் அதே ஊர்லயே, சார்ஜர்ஸ், மினியாபொலிஸுக்குப் பதிலா வந்த ரெய்டர்ஸ், அப்புறம் ஹன்ட்டோட டல்லாஸ் டெக்சன்ஸ் 1963ல ஊர் மாறி கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ்.

இதுல ஒரு விஷயத்தைச் சொல்லாம முடிக்க முடியாது. ரெண்டு லீக்கும் தனித்தனியா இருந்து ஆடின கடைசி மேட்ச், நாலாவது சூப்பர் பவுல், அதாவது ரெண்டு லீக் சாம்பியனும் மோதற ஃபைனல், 1970 ஜனவரி 11. ஏஎஃப்எல் பக்கம் ஹன்ட்டோட சீஃப்ஸ். என்எஃப்எல் பக்கம் வந்தது மினசோட்டா வைக்கிங்ஸ், அந்த ராத்திரி சாப்பாட்டு மேஜையில விட்டுட்டுப் போன ஊரு. நடந்த இடம் நியூ ஆர்லியன்ஸ், டுலேன் ஸ்டேடியம், கேனன் கோல் போஸ்ட்டுக்குக் கீழ கையெழுத்துப் போட்ட அதே மைதானம். அன்னைக்கு அவரோட எல்எஸ்யூல சேர்ந்து தோத்துட்டு நின்ன ஜானி ராபின்சன், அந்த முதல் டிராஃப்ட் வழியா ஹன்ட் டீமுக்கு வந்தவரு, இந்த மேட்ச்ல விலா எலும்பு உடைஞ்ச வலியோட ஆடி எதிராளி வீசின பந்து ஒண்ணைப் பறிச்சாரு. சீஃப்ஸ் சட்டையில ஏஎஃப்எல் பத்து வருஷம்னு ஒரு துணி முத்திரை தைச்சிருந்தாங்க. 23-7, சீஃப்ஸ் ஜெயிச்சது.